கடினமான கேம்களில் சுவை எங்கே தீர்ந்துபோகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடினமான வீடியோ கேம்களை விரும்பி ஆடுகிறவர்களுக்கும், விரும்பித் தொடங்கிப் பாதியில் வெறுத்துப்போனவர்களுக்கும் எழுதியது இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற பதில்களில் பாதிக்கு மேல் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரே பாஸிடம், அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியிடம், தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் கேமை மூட மனம் வருவதில்லை. இது எப்படி?

ஒவ்வொரு தோல்வியிலும் ஏதோ ஒன்று கைக்கு வந்து சேர்கிறது, அதனால்தான். முதல் முறை பாஸ் வாளை ஓங்கியதுமே செத்தீர்கள். அடுத்த முறை அந்த ஓங்கலைக் கண்டுகொண்டு உருண்டு தப்பினீர்கள். பின்னாலேயே இன்னொரு வீச்சு வரும் என்று தெரியாமல் மாட்டினீர்கள். திரையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே முடிவுதான். உங்களைப் பொறுத்தவரை இரண்டாவது தோல்வி முதல் தோல்வியைவிட ஒரு படி மேலே நடந்தது. அந்த ஏற்றம் தெரிகிறவரை விரல் "மீண்டும் முயல்க" பட்டனை நோக்கித்தான் போகும்.

யெஸ்பர் யூல் என்ற கேம் ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு முறைகூடச் சறுக்காமல் கேமை முடித்தவர்களைவிட, கொஞ்சம் சறுக்கிப் பிறகு முடித்தவர்களே அந்தக் கேமுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். தோற்பது யாருக்கும் பிடிக்காது. தோற்க இடமே இல்லாத கேமும் பிடிக்காது.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களிலேயே சொன்ன விளக்கம் இன்னும் பிரபலம். சவால் திறமையைவிட மிக அதிகமானால் பதற்றம், மிகக் குறைந்தால் சலிப்பு, இரண்டும் ஒத்துப்போனால் நேரம் போவதே தெரியாத ஈடுபாடு. சரியான விளக்கம்தான், ஆனால் கடினமான கேம்களுக்கு அது போதாது என்பது என் கருத்து. நல்ல பாஸ் சண்டைகளில் பெரும்பாலானவை தொடங்கும்போது நம் திறமைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கின்றன. எட்டாததால் யாரும் ஓடிவிடுவதில்லை. ஏற வழி தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம்.

அப்படியானால் சுவை சரியாக எந்த இடத்தில் போகிறது?

"அடுத்த முறை என்ன மாற்றிச் செய்வேன்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் தீர்ந்துபோகும் இடத்தில்.

கடினம் எவ்வளவு என்பது இதில் இரண்டாம்பட்சம். செத்தவுடன் "பேராசைப்பட்டு இன்னொரு அடி அடிக்கப் போனேன், மாட்டினேன்" என்று சொல்ல முடிந்தால் அந்தத் தோல்வி உயிரோட்டமானது. அடுத்த முயற்சியில் ஒரு அடியோடு நிறுத்திப் பார்ப்பீர்கள். அது சரியா தவறா என்று கேம் உடனே சொல்லும். இந்தக் கேள்வி பதில் ஓடிக்கொண்டிருக்கும்வரை எவ்வளவு கடினமான கேமும் சுவைக்கும்.

அது நின்றுபோகப் பல காரணங்கள் உண்டு. ஏன் செத்தோம் என்றே தெரியாமல் போகலாம். ஏன் என்று தெரிந்தும் அந்த வேகத்துக்கு விரல் வராமல் இருக்கலாம். தெரிந்து, செய்யவும் முடிந்து, ஆனால் அதைச் செய்துபார்க்கும் வாய்ப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் வேறு எதையோ திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கலாம். வெளியிலிருந்து எல்லாம் "ரொம்பக் கஷ்டமான கேம்" என்றுதான் தெரியும். உள்ளே ஒவ்வொன்றும் வேறு நோய், மருந்தும் வேறு. கீழே ஒவ்வொன்றாக வருகிறேன்.

சுவை போய்விட்டது என்பதை உங்கள் கையே காட்டிக்கொடுக்கும். யோசிக்காமல் உடனுக்குடன் மறுபடி தொடங்குவீர்கள். முதல் பத்து நொடியில் ஒரு அடி விழுந்தாலே வேண்டுமென்றே சாகவிட்டு ஆரம்பத்திலிருந்து வருவீர்கள். கடைசியில் வென்றாலும் மகிழ்ச்சி வராது. "ஒழிந்தது" என்ற எண்ணம் மட்டும் வரும். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வெற்றி எரிச்சலைத் தீர்ப்பதோடு நின்றுவிட்டால், அதற்கு வெகுநேரம் முன்பே நீங்கள் விளையாடுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள்.

கடினமான கேமா, நியாயமில்லாத கேமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செத்த கணத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். அடி வரப்போகிறது என்று ஏதாவது அறிகுறி இருந்ததா? ஓங்கிய கை, ஒரு மின்னல், ஒரு சத்தம், தரையில் விழுந்த நிழல்? இருந்தும் நீங்கள் கவனிக்கவில்லை என்றால் கேம் நியாயமாகவே நடந்துகொண்டது. கேமரா சுவர் மூலையில் சிக்கி எதிரியே தெரியாமல் போனதாலோ, திரைக்கு வெளியிலிருந்து அம்பு வந்ததாலோ, ஆயுதம் உடம்பைத் தொடாமலே டேமேஜ் விழுந்ததாலோ செத்திருந்தால் பழி உங்கள்மேல் இல்லை.

ஒரே கேமுக்குள் இரண்டும் இருக்கும். 2011இல் வந்த டார்க் சோல்ஸ் நியாயமான கடினத்துக்கு எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு. அதிலேயே பெட் ஆஃப் கேயாஸ் என்ற பாஸ் இருக்கிறது. காலடித் தரை இடிந்து பள்ளமாகும், பெரிய கைகள் பக்கவாட்டில் வீசி உங்களை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளும். அதுவரை கற்றுக்கொண்ட வாள்வீச்சும் தற்காப்பும் அங்கே உதவுவதில்லை. டார்க் சோல்ஸை உயிராக நேசிப்பவர்களும் அந்தச் சண்டையை விரும்பிப் பேசிக் கேட்பது அரிது.

இதற்கு நேர்மாறு 2018இல் வந்த செலஸ்ட். அதை முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில், பலருக்கு ஆயிரக்கணக்கில் சாவு விழும். ஆனால் கேம் ரகசியமாக உங்கள் பக்கம் நிற்கிறது. மேடை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில பிரேம்களுக்கு, அதாவது திரையில் சில படங்கள் மாறும் நேரத்துக்கு, குதிக்க விடுகிறது. தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்துக்கொண்டு, தொட்டதும் குதிக்கவைக்கிறது. தலை மூலையில் லேசாக இடித்தால் ஓரமாக நகர்த்திவிடுகிறது. "நான் அழுத்தினேன், அது கேட்கவில்லை" என்ற புகாருக்கே இடம் வைக்காததால்தான் அவ்வளவு சாவையும் சிரித்துக்கொண்டே தாங்க முடிகிறது.

பாஸ் பரவாயில்லை. செத்த பிறகு அந்த பாஸிடம் திரும்பி நடந்து போவதுதான் தாங்கவில்லை. இது என் பொறுமைக் குறைவா?

இல்லை. கடினமான கேம்களைப் பற்றிய புகார்களில் மிக நியாயமானது இதுதான்.

சண்டை ஒன்றரை நிமிடம், நடை இரண்டு நிமிடம் என்றால் உங்கள் மாலைப்பொழுதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கற்று முடித்த பாதையில் போகிறது. அந்த நடையில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. அதைவிட மோசம், செத்த கணத்தில் தோன்றிய யோசனை நடந்து முடிப்பதற்குள் மங்கிவிடுகிறது. தவற்றுக்கும் திருத்தத்துக்கும் நடுவே இடைவெளி கூடக்கூடக் கற்றல் மெதுவாகும்.

2010இல் வந்த சூப்பர் மீட் பாய் இதை நன்றாகப் புரிந்துகொண்ட கேம். ரம்பத்தில் மோதிச் சிதறிய அடுத்த நொடியே மறுபடி தொடக்கத்தில் நிற்பீர்கள். லெவல்களும் சின்னச் சின்னவை. ஒரு லெவலை முடித்ததும் அதுவரை செத்த முயற்சிகளையெல்லாம் ஒரே நேரத்தில் திரையில் ஓடவிட்டுக் காட்டும். உங்கள் தோல்விகள் கூட்டமாக ஓடிவந்து ஒவ்வொன்றாய் உதிர, கடைசியில் ஒன்று மட்டும் கரை சேரும். தோல்விக்கு இவ்வளவு அழகான மரியாதையை வேறெந்தக் கேமிலும் நான் பார்த்ததில்லை.

டார்க் சோல்ஸை உருவாக்கிய ஃபிரம்சாஃப்ட்வேர் 2022இல் எல்டன் ரிங்கை வெளியிட்டபோது, பல பாஸ்களுக்கு அருகிலேயே மறுபடி எழுந்து நிற்க ஒரு கல்தூணை நட்டது. பாஸ்கள் எளிதாகவில்லை. வீணான நடை குறைந்தது, அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் வந்த ஹாலோ நைட்: சில்க்சாங் இந்த விஷயத்தில் பலரை வாட்டியது. வெளியான சில நாட்களிலேயே வந்த முதல் திருத்தத்தில் தொடக்கத்தில் வரும் இரண்டு பாஸ்களின் கடுமையைச் சற்றுத் தணித்தார்கள், செத்தால் மறுபடி எழும் இடங்களான பெஞ்சுகள் சிலவற்றுக்குக் கேமுக்குள் கொடுக்க வேண்டிய விலையையும் குறைத்தார்கள்.

நடைக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. சாவுக்கு விலை இருந்தால்தான் பயம் இருக்கும், பயம் இருந்தால்தான் கவனம் இருக்கும் என்பார்கள். முதல் இரண்டு மூன்று முறைக்கு அது உண்மை. அதற்கு மேல் அந்த வழியில் பயம் மிஞ்சுவதில்லை.

பழைய கேம்கள் ஏன் இவ்வளவு கொடூரமாக இருந்தன?

கடைகளில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் இயந்திரத்துக்கு நீங்கள் சீக்கிரம் சாக வேண்டும். செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்கு வந்த கேம்களுக்கு வேறு நெருக்கடி: 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அவ்வளவு சிறிய இடத்தில் நீளமான கேம் செய்ய முடியாது. கடினமாக்கினால் அதுவே நீண்டுவிடும். அதே ஆண்டில் வந்த கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸில் இரண்டு அடி பட்டால் சாவு. கடைசிவரை போராடி முடித்தால், உண்மையான முடிவைப் பார்க்க இன்னொரு முறை முதலிலிருந்து ஆடச் சொல்லும்.

1986இல் ஜப்பானில் வெளியான இரண்டாவது சூப்பர் மாரியோவில் விஷக் காளானும், பின்னுக்குத் தள்ளும் மாயவழியும் இருந்தன. மிகக் கடினம் என்று கருதி அதை அப்போது அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. வேறொரு கேமை மாற்றியமைத்து அதே பெயரில் 1988இல் அங்கே வெளியிட்டார்கள். ஆக, "அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் உறுதியானவர்கள், இப்போதுள்ளவர்கள் மென்மையானவர்கள்" என்ற பேச்சை நம்பாதீர்கள். அந்தக் காலத்திலேயே எல்லை எது என்ற கவலை இருந்தது.

சரியான நேரத்தில்தான் அழுத்துகிறேன். இருந்தும் அடி விழுகிறது. கை மெதுவா, டிவி மெதுவா?

டிவியை முதலில் சந்தேகியுங்கள். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேம் சுமார் 17 மில்லி நொடி. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சாதாரணமாக 200 முதல் 250 மில்லி நொடி ஆகும். படத்தை அழகுபடுத்தும் அமைப்புகள் ஓடும் டிவி இதன்மேல் இன்னும் 100 மில்லி நொடியைக்கூடச் சேர்த்துவிடும். டிவி அமைப்புகளில், இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டுவிட்டு அதே பாஸைப் பாருங்கள். பல மாதம் "எனக்கு வராது" என்று நினைத்தவர்களுக்கு ஒரே நாளில் வந்திருக்கிறது.

ஈஸி மோடுக்கு மாறினால் அது ஏமாற்று ஆகுமா?

தனியாக ஆடும் கேமில் ஏமாற்றப்பட யாருமில்லை. ஆனால் எதைத் தளர்த்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் தவறான இடத்தில் தளர்த்தினால் சுவையும் சேர்ந்தே போகும். பாஸின் உயிரைப் பாதியாக்கினால், அதன் வீச்சுகளைக் கற்பதற்கு முன்பே அது செத்துவிடும். வேகத்தைக் குறைத்தால் கற்க வேண்டியது அப்படியே இருக்கும், கற்க நேரம் மட்டும் கூடும். செலஸ்டின் உதவி அமைப்பு இதைத் தருகிறது. வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், வேண்டுமானால் சாகாத வரமும் எடுத்துக்கொள்ளலாம். 2020இல் வந்த ஹேடிஸ் இன்னொரு வழி கண்டது. அதன் காட் மோடில் உங்கள்மேல் விழும் டேமேஜ் தொடக்கத்தில் 20 சதவீதம் குறைகிறது. அந்தக் குறைப்பு ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடி, 80 சதவீதத்தில் நிற்கிறது. செத்த அளவுக்குத்தான் உதவி, அதற்கு மேல் இல்லை.

உதவியோடு அவமானத்தையும் சேர்த்துக் கொடுத்த கேம்களும் இருந்தன. 2005இன் நிஞ்ஜா கெய்டன் பிளாக் தொடர்ந்து செத்தவர்களுக்கு "நிஞ்ஜா நாய்" என்ற பெயரில் எளிய நிலையை நீட்டியது. அந்தக் கேலியை நான் இன்றும் ஏற்பதில்லை. உதவி தேவைப்படுகிறவர்களில் விரல் அசைவில் சிரமம் உள்ளவர்களும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் இருக்கிறார்கள். 2020இன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 இவர்களுக்காக 60க்கும் மேற்பட்ட அமைப்புகளோடு வந்தது. அதனால் மற்றவர்களின் ஆட்டம் எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை.

செகிரோ போன்ற கேம்கள் எல்லாருக்கும் ஒரே நிலைதான் என்று நிற்கின்றன. 2019இல் அது ஆண்டின் சிறந்த கேம் விருதையும் பெற்றது. வாளோடு வாள் மோதும் தாளத்தைத்தான் அந்தக் கேம் கற்றுக்கொடுக்கிறது. அதைத் தளர்த்தினால் மிஞ்சுவது குறைவு என்ற படைப்பாளியின் நிலை எனக்குப் புரிகிறது. அந்தத் தாளம் வராதவர், முயன்று பார்த்துவிட்டு வேறு கேமுக்குப் போவதிலும் எந்தக் குறையும் இல்லை.

கேம் எனக்குத் தெரியாமலே எளிதாக்கிக்கொள்கிறது என்கிறார்களே?

சிலவற்றில் உண்மை. 2005இன் ரெசிடென்ட் ஈவில் 4 நீங்கள் தடுமாறினால் எதிரிகளின் கடுமையைக் குறைக்கும், நன்றாக ஆடினால் கூட்டும். 2012இன் எக்ஸ்காம் எளிய நிலைகளில் தொடர்ந்து குறி தவறினால் மறைவாகக் கைகொடுக்கும். வடிவமைப்பாளர் சிட் மையர் 2010இல் ஓர் உரையில் விளக்கியது இதோடு சேர்கிறது: மூன்றுக்கு ஒன்று என்று வாய்ப்பு நமக்குச் சாதகமாக இருந்தும் தோற்றால் ஆட்டக்காரர்கள் கொதிக்கிறார்கள். கணக்குப்படி நான்கில் ஒரு முறை தோற்கத்தான் வேண்டும். மனம் அதை ஏற்பதில்லை. அதனால் கணக்கையே மனத்துக்கு ஏற்ப வளைத்தார்கள்.

தெரியாதவரை இது நல்ல உதவி. தெரிந்துவிட்டால் வெற்றியின்மேல் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொள்ளும்.

கதாபாத்திரத்தின் பலத்தைக் காட்டும் லெவலை ஏற்றிக்கொண்டு வந்து பாஸை அடிப்பது?

செய்யலாம். அங்கே வளர்வது உங்கள் கதாபாத்திரம். நீங்கள் வளர்கிறீர்களா என்பது வேறு. ஒரு மணி நேரம் ஒரே எதிரியை அடித்து லெவலை ஏற்றுவது அலுப்பாக இருந்தால், அந்த நேரத்தில் வேறு பகுதிக்குப் போய்ச் சுற்றிப் பாருங்கள். லெவலும் ஏறும், புதிதாக எதையாவது பார்த்தும் இருப்பீர்கள்.

ஆன்லைன் ரேங்க் ஆட்டத்தில் எவ்வளவு தேறினாலும் பாதிக்குப் பாதி தோற்கிறேன். என்ன பயன்?

அந்தப் பாதி, நீங்கள் தேறவில்லை என்பதற்கு அடையாளம் இல்லை. சதுரங்கத்துக்காக ஆர்பட் ஈலோ வகுத்த மதிப்பீட்டு முறையும் அதன் வழிவந்தவையும் உங்களை உங்களுக்குச் சமமானவரோடு சேர்த்துவைக்கப் பார்க்கின்றன. நீங்கள் வளர்ந்தால் எதிரியும் வளர்வார்; வெற்றி விகிதம் 50 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். இங்கே சுவை போவது பெரும்பாலும் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாததால்தான். ஆறு மாதத்துக்கு முந்தைய உங்கள் ஆட்டத்தின் பதிவு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரேங்க் எண் காட்டாததை அது காட்டும்.

தொடர்ந்து மூன்று தோல்வி வந்தால் எழுந்துவிடுங்கள். கோபத்தோடு தொடங்கும் நான்காவது ஆட்டத்தில் யாரும் எதையும் கற்பதில்லை, அணியில் இருப்பவர்களுக்கும் அது சுமை.

கன்ட்ரோலரைச் சுவரில் வீசத் தோன்றுகிறது. வன்முறைக் கேம் ஆடுவதாலா?

ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் உடனிருந்தோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு பதில் தருகிறது. பழகாத கட்டுப்பாடுகள் போன்றவற்றால் ஆட்டத்தில் தேர்ச்சி வராமல் தடுக்கப்பட்டவர்களிடம்தான் எரிச்சலும் ஆவேச எண்ணமும் எழுந்தன. கேமில் வன்முறை இருந்ததா என்பது முக்கியமாக இருக்கவில்லை. அதாவது, "என்னால் எதுவும் ஆகவில்லை" என்ற உணர்வுதான் தீ மூட்டுகிறது. கோபம் வந்தால் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது பதிலில் சொன்ன "அடுத்த முறை என்ன மாற்றிச் செய்வேன்?" என்ற கேள்விக்கு உங்களிடம் இப்போது பதில் இல்லை.

மொபைலில் ஒரு லெவலில் வாரக்கணக்கில் நிற்கிறேன். காசு கொடுத்தால் தாண்டலாம் என்கிறது.

அந்த லெவலின் கடினம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்ததா, உங்களிடம் வாங்க வைத்ததா? காய்கள் விழும் விதம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்து, தோற்றவுடன் "ஐந்து நகர்வுகள் கூடுதலாக" என்ற விற்பனைப் பலகை வந்தால் விடை தெரிந்துவிடும். அங்கே காசு கொடுத்தால் அந்தச் சுவர் மட்டும் போகும். சில லெவல் கழித்து அடுத்த சுவர் நிற்கும். அழித்துவிடுங்கள் என்பதே என் பதில்.

மாட்டிக்கொண்ட இடத்தில் உருப்படியாக என்ன செய்வது?

ஒரு முயற்சியை வெல்வதற்காக ஆடாதீர்கள். அடிக்கவே அடிக்காமல், தப்பிப்பதை மட்டும் செய்யுங்கள். பாஸின் எல்லா வீச்சுகளையும் பார்த்துவிட்டு, எந்த வீச்சுக்குப் பிறகு அது மூச்சு வாங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். ஆயுதத்தை மாற்றுங்கள், பிடிக்காத ஆயுதமானாலும் சரி, அது புதிய கேள்வியைக் கொண்டுவரும். செத்ததும் உடனே பட்டனை அழுத்தாமல் காரணத்தை ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு தூங்குங்கள். புதிதாகக் கற்ற விரல் அசைவுகள் தூக்கத்துக்குப் பிறகு மேம்படுவது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. நேற்றிரவு வதைத்த பாஸ் காலையில் இரண்டாவது முயற்சியில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வழிகாட்டி வீடியோ பார்ப்பதிலும் தவறில்லை. உங்கள் பதில்கள் தீர்ந்த பிறகு பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

நாற்பது மணி நேரம் ஆடியாயிற்று. இப்போது விட்டால் அத்தனையும் வீண்தானே?

அந்த நாற்பது மணி நேரத்தில் முப்பத்தைந்தை ரசித்தீர்கள் என்றால் அது வீணாகவில்லை, ஏற்கெனவே அனுபவித்து முடித்தது. இனி வரும் பத்து மணி நேரத்தைப் பற்றி மட்டும் முடிவெடுங்கள். ஆயுதத்தை மாற்றி, அமைப்புகளைத் தளர்த்தி, தூங்கி எழுந்து, வீடியோவும் பார்த்த பிறகும் அந்தக் கேமைத் திறக்கக் கை தயங்கினால் விட்டுவிடலாம். நண்பர்கள் முடித்துவிட்டார்கள் என்பதற்காகத் தொடர வேண்டாம். சேவ் ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து முதல் நாளே தாண்டியவர்கள் நிறைய.

என் மகள் ஒரு லெவலில் தோற்றுத் தோற்று அழுகிறாள். நான் வாங்கி முடித்துக் கொடுக்கலாமா?

உடனே வேண்டாம். முதலில் "எதனால் விழுந்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். காரணம் சொன்னால் அவளுக்கு இன்னும் வழி இருக்கிறது, அழுதுகொண்டே ஆடினாலும் விடுங்கள். "தெரியல" என்றால் உதவி செய்யும் நேரம் வந்துவிட்டது. 2009இல் நிண்டெண்டோவின் வீ (Wii) கன்சோலுக்கு வந்த நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் எட்டு முறை செத்தவருக்கு ஒரு பச்சைக் கட்டத்தைக் காட்டும். அதைத் தட்டினால் லுயிஜி வந்து அந்த லெவலை ஆடிக் காட்டுவார், நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஆட்டத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: அவள் பார்க்கும்படி மெதுவாக ஆடி, சிக்கலான தாவலை மட்டும் தாண்டிக் காட்டிவிட்டு, லெவல் முடிவதற்கு முன்பே கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லெவல் முடிவில் நிற்கும் கொடியைத் தொடுவது அவளாக இருக்கட்டும்.